தன்மையில் வராத வினை

முதலில் உச்சரிப்பு.
மொகொத்தா.
இரண்டு முறை உதடு குவியவேண்டும்,
மிட்டாய் கிடைக்காத பிள்ளைக்குக் குவிவதுபோல.
பிறகு நாக்கு மேற்பல்லில் முட்டி அங்கேயே நிற்கும்,
திறப்பதா வேண்டாமா என்று.
அப்புறம்தான் வாய்.

பொருள் என்ற இடத்தில் ஊடல் என்று எழுதினேன். அடித்தேன்.
ஊடலில் ஒரு கண் வாசலில் இருக்கும்.
உம்மணாமூஞ்சி? அது ஆள், இது செயல்.
மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளுதல் என்றால்
பின்லாந்தில் யாரும் மூஞ்சியை எங்கும் தூக்கி வைப்பதில்லை.
எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.
அதுதான் சிக்கல்.

கூஹ்மோவில்
நான் மாடியறையில் வாடகைக்கு இருந்த வீட்டில்
இர்மெலியும் தௌனோவும் ஒரு நாளைக்குப் பேசுவது
இருபது சொல் இருக்கும்.
அதில் நான்கு, காப்பி.

ஜூலை நடுவில் தௌனோ
மரக்கிடங்கில் கூட வேலைசெய்யும் ஒருவனிடம்
ஹில்லாப் பழம் விளையும் சதுப்பு எங்கே என்று
சொல்லிவிட்டார்.
செடிக்கு ஒன்றே ஒன்று காய்க்கும்,
முதலில் சிவப்பு, பழுத்தால் பொன்.
அந்த இடத்தை இர்மெலி
கூடப்பிறந்த தங்கைக்கே சொன்னதில்லை.
கல்யாணமாகி ஆறாம் வருடம்தான்
கணவரைக் கூட்டிப்போனார்,
அதுவும் சுற்றுவழியில்.

நான்கு நாள் தௌனோவுக்குத் தெரியவே இல்லை.
பேச்சில்லாத வீட்டில்
பேச்சு நின்றுபோனதை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
ஐந்தாம் நாள் சௌனாவில்
சூடான கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார் இர்மெலி,
போதுமா என்று கேட்காமல்.
இன்னொரு கரண்டி.
இன்னொன்று.
காது சிவக்க வெளியே வந்து படியில் உட்கார்ந்த தௌனோ
என்னிடம் சொன்னார்:
ஹன் மொகொத்தா.
நாளை மழை என்று சொல்கிற குரல்.

(ஹன்: அவனா அவளா என்று கேட்காத சொல்.)
குறித்துக்கொண்டேன்: படர்க்கையில் வரும்.

பக்கத்து வீட்டு ராகெல் எடுத்துக்காட்டுகள் தந்தார்.
பூனை செய்யும்.
ஏரிப்பனி உருகிய முதல் நாள் படகு மோட்டார் செய்யும்.
மருமகன் கிறிஸ்துமஸிலிருந்து செய்துகொண்டிருக்கிறான்,
என்ன காரணம் என்று அவனுக்கே மறந்திருக்கும்.
முன்னிலையில்?
சொல்லலாம். சொன்னால் ஒரு வாரம் கூடும்.
தன்மையில்?
ராகெல் துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.
அதை யார் சொல்வார்கள்?
சொல்ல வாயைத் திறக்கவேண்டுமே.

பதினொன்றாம் நாள், அதிகாலை நான்கு மணி,
இரவே வராத மாதம்.
முழங்கால்வரை சேறோடு வந்த தௌனோ
சமையலறை மேஜையில் ஒரு வாளியை வைத்தார்.
பால் அட்டையைக் கிழித்து
அதன் உள்பக்கத்தில் படம் வரைந்தார்.
பாலம், வளைந்த பைன் மரம், ஒரு பெருக்கல் குறி.
புது இடம். யாருக்கும் தெரியாது.
அவ்வளவையும் பேசாமலே சொன்னார்.
மாடிப்படியின் பாதியில் நான்,
தண்ணீர் குடிக்க இறங்கியவன், திரும்பிப்போகவும் முடியாமல்.

இர்மெலி வாளிக்குள் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
“சிவப்பு” என்றார்.
ஒரு வாரம் முந்திப் பறித்துவிட்ட கல்காய்கள்.
தௌனோ வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அது வந்தது,
எனக்கல்ல, வாளியைப் பார்த்து:
“நான் இன்னும் மொகொதான்.”

இலக்கணப்படி சரி.
தன்மையில் அந்த இரட்டைத் தகரம் ஒன்றாகிவிடும்,
நாக்கு பல்லில் முட்டி நிற்காது,
லேசாகத் தொட்டு விலகும்.
புத்தகத்தில் இந்த விதியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன்.
ஒருவர் வாயில் கேட்டது அன்றுதான்.

தௌனோ பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்.
ஒன்று வந்தது, மற்றது சேற்றோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை.
ஒற்றைக் காலில் நின்றபடி
“காப்பி?” என்றார்.

பதில் வரவில்லை.
கெட்டிலில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது.
ராகெலிடம் சொல்லாமல் நோட்டில் எழுதினேன்:
தன்மையில், அரிதாக.